இலையொடு கூடிய உயிர்: பூச்சிகளின் அண்மை நிழற்படம் பற்றிய ஒரு திறனாய்வு

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்குச் செல்லும் பாதையில் நின்று மலைநாட்டைப் படம்பிடித்தோர் பலர். அவர்தம் படங்களிலே மலை பச்சைக் கம்பளமாகத் தோன்றும்; கொழுந்து பறிக்கும் பெண்டிர் அக்கம்பளத்திற் சிதறிய வண்ணப் புள்ளிகளாகத் தோன்றுவர். தொலைவு அழகைத் தரும். ஆயின் பலவற்றை மறைத்தே தரும். தேயிலைச் செடியிலும் அதன் ஓரத்துக் களைகளிலும் வாழும் எண்ணிறந்த சிற்றுயிர்களுக்கு அப்படங்களில் இடமே இல்லை. இக்குறையை நிரப்ப வல்லது, பூச்சிகளை மிக நெருங்கி எடுக்கும் அண்மை நிழற்படக் கலை. அக்கலை தன் கடமையை எவ்வளவு நிறைவேற்றுகின்றது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

அளவுகோலை நாம் வேற்றிடத்தில் தேட வேண்டுவதில்லை. தொல்காப்பிய மரபியல் எறும்பையும் சிதலையும் மூவறிவு உயிர்களென்றும், நண்டையும் தும்பியையும் நாலறிவு உயிர்களென்றும் வகுக்கின்றது. அவ்வகுப்பில் நான்காவது அறிவு கண்ணறிவு. எனவே தும்பி நம்மாற் காணப்படும் பொருள் மாத்திரம் அன்று. தானும் காணும் உயிர். மேலும், அகத்திணை மரபிலே வண்டு மலரின்றி வருதல் அரிது. மலர் நிலமின்றி வருதல் அரிது. உயிரை அதன் சார்பொடு வைத்து நோக்கும் இந்நெறியே நாம் கொள்ளும் அளவுகோலாகும்.

பூச்சியின் உருவம் கமராவினுள்ளே ஏறத்தாழ மெய்யளவில் விழும்படி நெருங்கும்போது, தெளிவாகப் பதியும் ஆழம் மிகச் சுருங்கிவிடும். வில்லையின் வாயை ஓரளவு ஒடுக்கிய நிலையிலும் அது 1 மில்லிமீற்றர் அளவே இருக்கும். கண் தெளிந்தாற் சிறகு மங்கும். சிறகு தெளிந்தாற் கண் மங்கும். இலை சற்றே அசைந்தாலும் படம் கெடும். இத்தடைகளை வெல்லும் பொருட்டுச் சிலர் பூச்சியைக் குளிர்ப்பெட்டியிலிட்டு மரத்துப்போகச் செய்கின்றனர். வேறு சிலர் இறந்த பூச்சியை ஊசியில் நிறுத்தி, தெளிவிடத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைக்கின்றனர்.

இரண்டாவது முறையின் உச்சியென்று சொல்லத் தக்கன, பிரித்தானிய நிழற்படக் கலைஞர் லெவன் பிஸ் 2016 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அரும்பொருளகத்திற் காட்சிக்கு வைத்த படங்கள். அவற்றுள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8,000 படங்களின் சேர்க்கை. மயிரும் குழியும் வரியும் நிறமும் கண்ணெதிரே விரிகின்றன. உடலமைப்பை அறிய விழைவோர்க்கு அவை பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வுயிர் எவ்விலையை உண்டது, எதனிடம் அஞ்சி ஒளிந்தது, எதற்கு இரையாயிற்று என்பவற்றை வெறுமையான பின்புலம் சொல்லாது. அங்கே நாம் காண்பது உயிர் நீத்த உடலின் பேரழகையே.

இதற்கு மாறான நெறி பழமையுடையது. மரியா சிபில்லா மேரியன் அம்மையார் 1705 இல் அம்ஸ்டர்டாமில் வெளியிட்ட சூரினாம் பூச்சிகள் பற்றிய நூலிலே, புழுவையும் கூட்டையும் சிறகு முளைத்த உயிரையும் அவை சார்ந்த செடியிலேயே தீட்டினார். அச்செடிகளைப் பற்றிய அறிவில் ஒரு பகுதியை அந்நாட்டுப் பழங்குடியினரிடமும் அடிமைப்பட்ட பெண்களிடமும் அவர் கேட்டறிந்தார். நம் இலங்கையிலும் இந்நெறி தழைத்தது. பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இலங்கை வண்ணத்துப்பூச்சிகள், விட்டில்கள் பற்றிய பெருநூலுக்கு ஓவியம் வரைந்தோர் வில்லியம் டி அல்விஸ், ஜோர்ஜ் டி அல்விஸ் என்னும் இந்நாட்டுச் சகோதரர். பேராதனைப் பூங்காவின் இயக்குநர் துவைற்சின் மேற்பார்வையில் அவர்கள் புழுப் பருவத்தையும் கூட்டுப் பருவத்தையும் விடாது வரைந்தனர். தூரிகை அன்று காட்டிய பொறுமையைக் கமரா இன்று மறத்தலாகாது.

இஃது அழகு பற்றிய வழக்கு மாத்திரம் அன்று என்பதற்குத் தேயிலைத் தோட்டமே சான்று. இலைகளை நூலால் ஒட்டி அவற்றினுள் மறைந்து வாழும் தேயிலைச் சுருட்டுப்புழு ஒரு காலத்திற் பெருங்கேடு விளைத்தது. 1935, 1936 ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்றஸ் என்னும் சிறு குளவி வருவிக்கப்பட்டது. புழுவின் உடலிலே முட்டையிடும் அக்குளவியாற் கேடு அடங்கிற்று. பின்னர் 1950களில், தண்டைத் துளைக்கும் வேறொரு வண்டினை அழிக்க டீல்திரின் என்னும் நஞ்சைத் தெளித்தனர். குளவி மாண்டது, அடங்கியிருந்த சுருட்டுப்புழு மீண்டும் பெருகிற்று. ஓருயிரை அதன் சுற்றத்தினின்றும் பிரித்து நோக்கியதன் விளைவு இது.

இனி இரு படங்களை எண்ணிப் பார்ப்போம். ஒன்றில், சுருட்டுப்புழு வளர்ந்து உருமாறிய விட்டில், மணிபோல் மடிந்த சிறகுகளோடு கரிய பின்புலத்தில் ஒளிர்கின்றது. மற்றொன்றில், பிரித்த இலைக்கூட்டினுள்ளே நலிந்த புழுவும் அதனருகே குளவியின் சிறு கூடுகளும் தோன்றுகின்றன. முதற்படம் விழியை நிறுத்தும். இரண்டாவது சிந்தையை நடத்தும். அவ்வாறாயின் இரண்டாவது விஞ்ஞான விளக்கப்படமேயன்றிக் கலையாகுமா என்று வினவுவார் உளர். ஆகும் என்பதே எம் விடை. எவ்வளவு இலையை விடுவது, கடிபட்ட விளிம்பின் வளைவு பார்வையை எங்கே இட்டுச் செல்வது என்று தெரிந்து அமைப்பதிலேதான் கலைஞனின் திறம் இருக்கின்றது. பின்புலத்தை இருளாக்குவோன் அத்தேர்விலிருந்து தப்பிக்கொள்கின்றான்.

நெருங்குதல் என்பது அறிதலாகிவிடாது என்பதற்கு மலைநாட்டிலேயே மற்றொரு சான்றும் உண்டு. மனித முகத்தை நெருங்கி எடுப்பதிற் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1879 இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கிற் காலமாகிப் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசன், டார்வின் போன்றோரின் முகங்கள் பெயரோடு நிற்கின்றன. இலங்கையில் அவர் எடுத்த எளிய மக்களின் முகங்களோ பெரும்பாலும் பெயரின்றி நிற்கின்றன. பெயரிழந்த முகமும் இலையிழந்த பூச்சியும் ஒருவகைக் குறையையே உடையன.

ராகலையின் விடியற்காலம் இக்கலைக்கு இயற்கை அமைத்த பட்டறை. குளிராற் பூச்சிகள் சிறகசையாது செடியிலேயே அமர்ந்திருக்கும்; மூடுபனி ஒளியை மென்மையாக்கும். அங்கே குளிர்ப்பெட்டி வேண்டுவதில்லை. கைப்பேசியும் அதன்மேற் பொருத்தும் சிறு வில்லையுமே தொடங்குவோர்க்குப் போதியன. இலையையும் சேர்த்து எடுத்தல் வேண்டும். செடியின் பெயரையும் நாளையும் இடத்தையும் குறித்தல் வேண்டும். எச்செடியில் எப்புழு வாழும் என்பதை நாள்தோறும் கண்டறிந்தோர், அச்செடிகளுக்கிடையே கூடை சுமந்து நடப்போரே. அவர்கள் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதாத படம் பாதிப் படமே. தோட்டத்து லயங்களிலிருந்து கல்லூரிக்கு வந்த மாணவர் இப்பணிக்கு மிக உரியர். ஏனெனில் அவர்தம் தாய்மாரிடமே அவ்வறிவு இருக்கின்றது. தொலைவிலிருந்து எடுத்த படங்கள் அவர்களைப் புள்ளிகளாக்கின. அண்மையிலிருந்து எடுக்கும் படமேனும் அவர்களை ஆசிரியராக ஏற்குமாக.