பெரிய பல்வட்டமும் சமவெளி வேகமும்

1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் நடப்பட்ட கன்றுகளைத் தொடர்ந்து பேராக் முழுவதும் பரவிய கித்தாக் காடுகளில் பெரும்பகுதி இன்று செம்பனையாகவும் தாமான்களாகவும் உருமாறிவிட்டபோதிலும், அத்தோட்டங்களின் செம்மண் பாதைகள் ஆங்காங்கே எஞ்சியிருப்பதால், ஈப்போவாசிகளிற் பலர் மலைச் சைக்கிளையே வாங்குவதில் வியப்பில்லை. ஆனால் அப்பாதைகளை அடையுமுன் செம்மோர், சுங்கை சிப்புட் என்று நெடுந்தூரம் தார்ச்சாலையில் மிதிக்க வேண்டியிருக்கிறது. அங்கே சாலைச் சைக்கிள்காரர் முந்திச் சென்று மறைந்ததும், முன்னிருக்கும் பல்வட்டத்தைப் பெரிதாக்கினால் குறை தீருமென்ற எண்ணம் பிறந்துவிடுகிறது.

இந்த எண்ணத்தில் நியாயம் அறவே இல்லையென்று சொல்வதற்கில்லை. 26 அங்குலச் சக்கரமும், முன்னே 42 பல்லும், பின்னே மிகச் சிறியதாக 14 பல்லும் கொண்ட மலிவான வண்டியில், நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் கிடைக்கும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். திடகாத்திரமானவருக்கு அது போதாது. பின்னே 11 பல் உள்ள வண்டியிலோ அதே மிதிப்பு 38 கிலோமீட்டர் தரும். முரட்டு டயருடன், நிமிர்ந்த மார்பால் காற்றை எதிர்த்து, கிந்தாப் பள்ளத்தாக்கின் சமவெளியில் தனியாகச் செல்பவர் எத்தனை பேர் அவ்வேகத்தை நெடுநேரம் காக்க வல்லவர்? காற்றை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்வதால், 30இலிருந்து 36க்கு உயர எழுபது சதவீதத்துக்கும் மேலான கூடுதல் சக்தி வேண்டும். கியர் அந்தச் சக்தியைப் பங்கிடுமேயன்றி உற்பத்தி செய்யாது. வழவழப்பான டயர் மாற்றுவதே முதற் சிகிச்சை என்பது என் அபிப்பிராயம்.

அதற்குப் பின்னும் 48 பல்வட்டத்தை மாட்டியே தீருவேன் என்பவர் சில சங்கடங்களை ஏற்க வேண்டும். முன்னிருக்கும் மூன்று வட்டங்களில் 22 பல் சிறுவட்டத்தை அப்படியே விட்டு 48ஐ மட்டும் சேர்த்தால் இரண்டுக்கும் இடையில் 26 பல் வித்தியாசம். வழக்கமான முன் கியர்மாற்றியோ 22 பல் வித்தியாசத்துக்கு மேல் தாங்காது. பின்னே 11 முதல் 34 வரை இருந்தால், நீண்ட கை உடைய பின்மாற்றியும் செயினின் தளர்வை முழுவதும் இழுத்துக்கொள்ள மாட்டாது. அகன்ற டயருக்காக வளைத்த சட்டத்தில் பெரிய வட்டம் உராய்வதும் உண்டு. 48-36-26 என முழுத்தொகுதியையே மாற்றினால் இவற்றிற் பெரும்பாலானவை தீரும். ஆனால் சிம்பாங் புலாயிலிருந்து கம்போங் ராஜாவை நோக்கி ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறும்போது, 22க்குப் பதில் 26ஐச் சுழற்றும் முழங்கால் அந்த மாற்றத்தை நன்கு உணரும்.

கவனிக்கப்படாத இடம் பின்சக்கரத்தில் இருக்கிறது. 11 முதல் 34 வரையிலான ஒன்பது அடுக்கு மலைக் கேசட்டில் 15க்கு அடுத்தது 13. 42 பல்வட்டத்தோடு அதே மிதிப்பில் 28 கிலோமீட்டரிலிருந்து ஒரே தாவலாக 32க்குப் போய்விடுகிறது. சராசரி மனிதன் சாலையில் வாழும் வேகம் இவ்விரண்டுக்கும் நடுவிலேயே இருப்பதால், அவன் ஒன்றில் பதறுகிறான், மற்றொன்றில் திணறுகிறான். 12 முதல் 25 வரையிலான சாலைக் கேசட்டில் நடுவே ஒரு 14 இருக்கிறது. ஷிமானோவின் ஒன்பது அடுக்கு மலைச் சைக்கிள்களில் அது அதே அச்சில் பொருந்தவும் செய்கிறது. உச்ச வேகம் சற்றே குறைந்தாலும் கால் ஒரே தாளத்தில் ஓடுகிறது. மழைக்குப் பிந்திய செம்மண் ஏற்றத்தில் 34 இல்லாத குறை கடுமையாகத் தெரியுமென்பதை மறைப்பதற்கில்லை; எனினும் அதற்குரிய கருவி இருந்தால் பழைய கேசட்டை மீண்டும் பூட்டுவது சில நிமிட வேலை.

ஒற்றைப் பல்வட்டத்தோடு வரும் இக்கால 29 அங்குல வண்டிகளில் கணக்கே வேறு. 32க்கு 11 என்ற சேர்க்கை 80 சுற்றில் 32 கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது. சட்டம் இடந்தருமானால் அங்கே 36 பல் போடுவதை நான் தயங்காமல் ஆதரிப்பேன், ஏனெனில் பின்னே 50 பல் இருக்கும்வரை, ஏற்றத்தில் இழப்பது அதிகமில்லை.