அடைப்புக்குறிக்குள் போன உரிமை

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் கைதட்டும் ஓசை கேட்டால் பலரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். நானும் திரும்பியிருக்கிறேன். அந்த வெட்கத்தோடுதான் இரண்டு சட்டப் பிரதிகளை வாசித்தேன்.

ஒன்று, எதிர்க்கட்சி வரிசையிலிருந்து தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதா. 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை அதை ஒருமனதாக ஏற்றது. 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை, இதுவும் ஆகவில்லை. மற்றொன்று, 2019இல் அரசு இயற்றிய திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டம். அதைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பக் கோரிய சிவாவின் தீர்மானம் தோற்றது.

தலைப்பிலேயே உரிமை அடைப்புக்குறிக்குள் போய்விட்டது. உள்ளே இன்னும் போயிருக்கிறது. சிவா கேட்ட 2 சதவீத இடஒதுக்கீடு இல்லை. பாலின அடையாளம் அவரவர் முடிவு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டமோ மாவட்ட ஆட்சியரின் சான்றிதழ் கேட்கிறது. உடல்நலப் பிரிவின் முதல் உட்பிரிவு எச்.ஐ.வி. கண்காணிப்பு மையம், சிகிச்சை அதற்குப் பின்னால்தான் வருகிறது. தாம்பரம் சானடோரியத்தின் அரசு மருத்துவமனை எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் பல்லாண்டுகளாகச் சிகிச்சை தருகிறது. கண்காணிப்பதும் கவனித்துக்கொள்வதும் ஒன்றல்ல என்று எங்கள் ஊருக்குத் தெரியும்.

என்னை நிறுத்திய இடம் தண்டனைப் பிரிவு. திருநர்மீது பாலியல் வன்முறை செய்தால் இச்சட்டத்தில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தபட்சமே 10 ஆண்டு.

அந்த 10 ஆண்டு நாம் போராடிப் பெற்றது. பக்கத்தில் 2 என்று எழுதப்பட்டபோது நம்மில் எத்தனை பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்?