இசையரங்கில் கேட்போரின் பங்கு: ஒரு கருத்தாடல் நோக்கு

1. முன்னுரை

செவ்வியல் இசையரங்குகளில் அவையோர் ஒழுகவேண்டிய முறை பற்றிய விவாதம் பெரும்பாலும் அமைதி, இரைச்சல் என்னும் இரு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. சபாக்களின் அறிவிப்புகளே இதற்குச் சான்று. கைப்பேசியை ஒலிக்கவிடாதீர், பேசாதீர், பாட்டின் நடுவே எழாதீர் என அவை எதிர்மறை ஏவல்களாகவே அமைகின்றன. கேட்போர் செய்யலாகாதவற்றை அவை கூறுகின்றன, செய்யத்தக்கவற்றைக் கூறுவதில்லை. மறுபுறம், இந்திய இசை அவையோடு கலந்து பிறப்பது, எனவே இங்குக் கட்டுப்பாடு வேண்டுவதில்லை என்று வாதிடுவோரும் உளர். இவ்விரு நிலைகளும் போதியன அல்ல. கேட்போரின் செயல் தகுவதா, தகாததா என்பதைத் தீர்மானிப்பது ஒலியின் அளவு அன்று. அச்செயல் நிகழும் இடமே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கேட்பதும் ஒரு செயல்

உரையாடலில் கேட்பவர் வாளாவிருப்பதில்லை. கதை கேட்கும் குழந்தை 'உம்' கொட்டுவதை நிறுத்திவிட்டால், அது உறங்கிவிட்டதோ என்று கதை சொல்பவர் குனிந்து பார்க்கிறார். வில்லுப்பாட்டில் இவ்வழக்கம் கலைமரபாகவே நிலைபெற்றுள்ளது. புலவர் ஓர் அடியைச் சொல்லி நிறுத்த, உடனிருப்போர் 'ஆமா' என்று ஏற்றுக்கொள்கின்றனர். இத்தகைய கேட்போர் குறிப்புகளைப் பின்வழித் தொடர்பு என்னும் பெயரால் விக்டர் இங்வே 1970இல் சுட்டினார். இவை பேசுபவரின் முறையைப் பறிப்பதில்லை, அதனைத் தாங்கிநிற்கின்றன.

சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு மேலும் ஒரு கருத்தைச் சேர்த்தது. பேசுவோர் மாறுவது கண்ட இடத்தில் நிகழ்வதில்லை; ஒரு கூற்று நிறைவுறத்தக்க இடத்திலேயே நிகழ்கிறது. கேட்பவர் அவ்விடத்தை முன்னரே எதிர்நோக்கியிருக்கிறார். இசை மொழியன்று; அரங்கில் கேட்போருக்குப் பாடும் முறை வருவதுமில்லை. எனினும் நிறைவிடத்தை எதிர்நோக்குதல், அங்கு உரிய குறிப்பைத் தருதல் ஆகிய இரண்டும் இரு களங்களுக்கும் பொதுவானவை.

3. பழைய இலக்கணம்

கேட்போர் துலங்கலை வகைப்படுத்தும் முயற்சி இந்திய மரபுக்குப் புதிதன்று. நாட்டியசாஸ்திரத்தின் 27ஆம் இயல் நிகழ்ச்சியின் வெற்றியை மானுடம், தெய்விகம் என இரண்டாகப் பகுக்கிறது. புன்முறுவல், பெருஞ்சிரிப்பு, 'சாது' 'அஹோ' முதலிய சொற்கள், மயிர்க்கூச்சு, இருக்கையை விட்டு எழுதல், ஆடையைப் பரிசாக வீசுதல் போன்றவை முதல்வகையின் அடையாளங்கள். அரங்கு நிறைந்திருந்தும் ஓசையோ கலக்கமோ எழாமலிருப்பது இரண்டாம் வகையில் அடங்கும். அந்நூல் கூறுவது நாடகத்தைப் பற்றியே எனினும், ஒன்று தெளிவாகிறது. அமைதியும் ஆரவாரமும் அங்குப் பகைச்சொற்கள் அல்ல. இரண்டுமே வெற்றியின் வகைகள்.

அசையாமலும் பேசாமலும் கேட்பதே நாகரிகம் என்னும் கொள்கை ஐரோப்பிய இசையரங்குகளில்கூட 19ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. அதனை எல்லா இசைக்கும் உரிய பொதுவிதியாகக் கொள்வது பொருந்தாது.

4. சொற்கள் தரும் சான்று

இந்துஸ்தானி அரங்கில் கேட்போர் பாராட்டுவதைத் 'தாத் கொடுத்தல்' என்பர். பாரசீக மொழியில் 'தாத்' என்பதன் பொருள் நீதி. எனவே பாராட்டு என்பது இரக்கத்தால் வழங்கும் கொடை அன்று. கலைஞருக்கு உரியதை உரிய இடத்தில் செலுத்துதல். 'வாஹ்', 'க்யா பாத் ஹை' ஆகியன இக்கடனைச் செலுத்தும் சொற்கள்.

தமிழ் இரசிகரின் சொற்களும் நோக்கத்தக்கவை. 'சபாஷ்' என்பது 'மகிழ்க' எனப் பொருள்படும் 'ஷாத் பாஷ்' என்னும் பாரசீகத் தொடரின் திரிபு. 'பேஷ்' உருது வழியாக வந்தது. 'பலே' மராத்தி, தெலுங்கு, கன்னடம் முதலிய மொழிகளுக்கும் பொதுவானது. சொல் கடன்பெறப்படும்போது அதனைப் பயன்படுத்தும் சூழலும் ஓரளவு உடன்வருகிறது. கருநாடக இசையரங்கு அடக்கம் மிக்கது, இந்துஸ்தானி அரங்கு ஆரவாரம் மிக்கது என்னும் பொதுக்கூற்றை இச்சொற்களே ஐயத்திற்கு உள்ளாக்குகின்றன.

5. இடம் அறிதல்

இரு மரபுகளும் வேறுபடுவது நிறைவிடத்தின் அமைப்பில்தான். 16 மாத்திரை கொண்ட தீன்தாலில் ஒன்பதாவது மாத்திரை காலி; முதல் மாத்திரை சம். முக்டா என்னும் தொடக்கப்பகுதி சுழன்றுவந்து சமத்தில் விழும்போது அவையின் தலைகள் ஒருங்கே அசைகின்றன. கருநாடக இசையில் ஆதிதாளம் லகுவின் 4 அட்சரங்களும் இரு திருதங்களின் 4 அட்சரங்களுமாக 8 அட்சரங்கள் கொண்டது. ஆனால் பாட்டின் எடுப்பு எப்போதும் சமத்தில் அமைவதில்லை. அதற்கு முன்னோ பின்னோ அமையக்கூடும். சுரக்கோர்வை அந்த எடுப்பைத் தொட்டு முடியுமாயின், தாளம் அறியாதவர் ஓசையைக் கேட்டு முன்னரே கைதட்டிவிடுகிறார். அறிந்தவர் எடுப்பு வரும்வரை காத்திருக்கிறார். இருவரும் எழுப்பும் ஒலி ஒன்றே. முன்னவரது இடையீடு, பின்னவரது பங்கேற்பு. கையால் தாளம் போடுதலும் இவ்வாறே. மடியில் மெல்ல எண்ணும் கை கேட்பதற்குத் துணை. தொடையில் அறையும் கை அண்டை இருக்கையினருக்குத் தொல்லை.

இடம் அறியாமைக்கு நன்கறியப்பட்ட சான்று 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் வங்கதேச மக்களின் துயர்நீக்க நிதிக்காக நடந்த நிகழ்ச்சி. இரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்தபோதே அவையினர் கைதட்டினர். சுருதி சேர்த்ததையே இவ்வளவு விரும்பினால் வாசிப்பை இன்னும் விரும்புவீர்கள் என நம்புவதாக இரவிசங்கர் நயமாகக் கூறினார். அவ்வவையினரிடம் நல்லெண்ணம் குறைவில்லை. தொடக்கம் எது என்னும் அறிவே குறைந்திருந்தது.

6. தனியாவர்த்தனம்

இந்த அளவுகோலை நம் அரங்குகளின் பழைய குறையொன்றிற்குப் பொருத்திப் பார்க்கலாம். கச்சேரியின் முதன்மை உருப்படியை ஒட்டித் தனியாவர்த்தனம் தொடங்கியதும் பலர் எழுந்து சிற்றுண்டிச்சாலைக்கோ வீட்டிற்கோ செல்கின்றனர். இவர்கள் முரடர்கள் அல்லர். பாடகர் வாய்மூடும்வரை காத்திருந்து, ஓசையின்றியே வெளியேறுகின்றனர். பாட்டின் நடுவே எழாதீர் என்னும் விதியைக் கடைப்பிடித்துவிட்டதாகவே அவர்கள் கருதுகின்றனர்.

ஆனால் பாட்டு அங்கு முடிவதில்லை. மிருதங்கமும் கடமும் அல்லது கஞ்சிராவும் மாறிமாறி வாசித்து, அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் இணைந்து கோர்வை வைக்க, பாடகர் விட்ட அடியை மீண்டும் எடுக்கிறார். பாட்டு நிறைவது அந்த எடுப்பில்தான். கருத்தாடல் நோக்கில் தனியாவர்த்தனம் என்பது பக்கவாத்தியக் கலைஞர் தம் முறையைப் பெறும் இடம். அதுவரை பிறர் முறையைத் தாங்கிநின்றவர் பேசத் தொடங்கும்போது அவை எழுந்து போவது, அவர் பேச்சு பேச்சே அன்று என்று அறிவிப்பதாகும். ஓசையற்ற இச்செயல் இடம் தவறிய கைதட்டலினும் கடுமையானது. முதுமையும் கடைசிப் பேருந்தும் சிலரை எழுப்புகின்றன என்பது உண்மையே. எழுந்து செல்வோர் அனைவருக்கும் அக்காரணம் பொருந்தாது. அமைதியை மட்டும் அளக்கும் ஒழுக்கவிதி இக்குறையைக் குறையாகவே காண்பதில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

7. முடிவுரை

அவையொழுக்கம் என்பது அடக்கத்தின் வேறுபெயர் அன்று. அது ஒருவகை அறிவு. திருக்குறள் 'அவையறிதல்' என ஓர் அதிகாரம் வகுத்துப் பேசுவோர்க்கு அவையின் இயல்பை உணர்த்துகிறது. இன்றைய இசையரங்கில் அரங்கேறுவோரின் இயல்பை அவையும் அறியவேண்டியுள்ளது. எதிர்மறை ஏவல்களால் அவ்வறிவு வளராது. உருப்படியின் தாளம், எடுப்பு, தனியாவர்த்தனம் இடம்பெறும் பகுதி, பாட்டு நிறையும் இடம் ஆகியவற்றை நிகழ்ச்சிக் குறிப்பிலோ மேடையிலோ இரண்டு வரிகளில் சபாக்கள் தெரிவிக்கலாம். புதிதாக வரும் இளைஞர்க்கு எங்குக் காத்திருப்பது, எங்கு 'பலே' என்பது என இரண்டும் அதனால் விளங்கும். அவ்வாறன்றி அமைதியை மட்டும் கற்பித்தால், அரங்கு அமைதியாக இருக்கும். 'உம்' கொட்டுவோர் இருக்கமாட்டார்.