இல்லத்தின் விளக்கு: பிலிப்பைன் நாவல்களில் தாயின் சொல்

பிலிப்பைன் நாட்டார் தாயை 'இலாவ் நங் தஹானன்' என்பர். தகலோக மொழித்தொடராகிய இதற்கு 'இல்லத்தின் விளக்கு' என்பது பொருள். தந்தையை 'ஹலிகி நங் தஹானன்', அதாவது 'இல்லத்தின் தூண்', என்பர். மனைவிளக்கு என்னும் வழக்கை அறிந்த தமிழர்க்கு இத்தொடர் புதுமையாகத் தோன்றாது. விளக்கு ஒளி தருவது. ஆயின் வைத்த இடத்திலேயே நிற்பது. அதன் ஒளியில் பிறர் பிறவற்றைக் காண்பர். அவ்விளக்கும் காண்கிறதா, கண்டதைச் சொல்கிறதா என்று கேட்பார் அரியர். அவ்வாறு கேட்ட நாவல்கள் பிலிப்பைன் இலக்கியத்தில் உள்ளன. அவற்றுள் மூன்றினை எடுத்துக்கொண்டு, தாயின் அன்றாட இல்வாழ்வும் ஊரின் நிகழ்ச்சிகளும் அவற்றில் எவ்வாறு இணைகின்றன என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, ஹோசே ரிசால் 1887ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் வெளியிட்ட 'நோலி மே தாங்கெரே'. ஏனைய இரண்டும் லுவால்ஹாத்தி பௌதிஸ்தா அம்மையார் (1945–2023) எழுதியவை. ஒன்று, 1983ஆம் ஆண்டில் பலாங்கா இலக்கியப் பரிசு பெற்ற 'தெகாதா 70'. மற்றொன்று, 1988ஆம் ஆண்டில் நூலாக வந்த 'பாதா, பாதா, பானோ கா கினாவா'. முன்னதன் தலைப்பு எழுபதுகளாகிய பத்தாண்டைக் குறிக்கும். பின்னதன் தலைப்பு, 'குழந்தாய், குழந்தாய், நீ எவ்வாறு ஆக்கப்பட்டாய்?' என்று பொருள்படும்.

தொல்காப்பியம் பயின்றார்க்கு அகம், புறம் என்னும் பகுப்பு கைவந்தது. ஆயினும் அதனை இந்நாவல்களுக்கு அளவுகோலாக்குதல் பொருந்தாது. நம் அகம் காதல் ஒழுக்கத்தைச் சுட்டுவதேயன்றிக் குடும்ப வாழ்க்கை முழுவதையும் சுட்டுவதன்று. எனவே 'இல்', 'ஊர்' என்னும் எளிய சொற்களையே ஈண்டு ஆள்வோம். இம்மூன்று நாவல்களிலும் இல் ஊரினின்று ஒதுங்கிய புகலிடமாக இல்லை. ஊரில் நிகழும் கொடுமை இறுதியில் இல்லில் வந்து சேர்கிறது. அதன் சுமையைத் தாய் தாங்குகிறாள். இதில் மூன்றும் ஒக்கும். தான் அறிந்ததைச் சொல்லும் உரிமை அத்தாய்க்கு எவ்வளவு வாய்த்தது என்பதிலேயே அவை வேறுபடுகின்றன.

1. சீசா: பிறர் சொன்ன கதை

ரிசாலின் நாவலில் சீசா தலைமைப் பாத்திரம் அல்லள். சான் தியேகோ என்னும் ஊரின் புறத்தே குடிசையில் வாழும் ஏழை, சூதாடியின் மனைவி. அவளுடைய மக்கள் பசிலியோ, கிரிஸ்பின் என்னும் சிறுவர் இருவரும் ஊர்க்கோயிலில் மணியடித்து ஏவல் செய்கின்றனர். அவர்கள் வீடு திரும்பும் நாளென எண்ணி அவள் நல்லுணவு சமைத்து வைக்கிறாள். கணவன் வருகிறான், மக்களுக்கென வைத்ததை உண்டுவிட்டுச் செல்கிறான். அவள் எஞ்சியதைக் கொண்டு மீண்டும் உலை வைக்கிறாள். கோயிலிலோ இளையவன் கிரிஸ்பின்மீது திருட்டுப் பழி சுமத்தப்படுகிறது. மூத்தவன் மட்டும் இரவில் தப்பி வீடு சேர்கிறான். இளையவன் திரும்பவேயில்லை.

மறுநாள் சீசா தன் தோட்டத்துக் காய்கறிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு, பாதிரியாருக்குக் காணிக்கை அளித்து மகனைக் கேட்கலாம் எனக் குருமனைக்குப் போகிறாள். அங்கு அவளுக்குக் கிடைப்பது வசைமொழியே. திரும்பி வரும்போது காவற்படையினர் அவள் குடிசையினின்று அவளுடைய கோழியையும் கொண்டு வெளிப்படுகின்றனர். மக்களைக் காட்டு என்று அவளையே பிடித்து, ஊரார் காணத் தெருவழியே நடத்திச் செல்கின்றனர். அதன்பின் அவள் அறிவு பிறழ்கிறது.

சீசாவை அயலாட்சியில் துன்புற்ற தாய்நாட்டின் உருவகமாகக் கொள்வார் உளர். அக்கருத்துப் பிழையன்று, ஆயின் அதனளவில் நிறைவுடையதன்று. உருவகத்தை விரைந்து காண்பார், உலையையும் காய்கறிக் கூடையையும் கோழியையும் கடந்து சென்றுவிடுகின்றனர். ரிசால் அவற்றை விரைந்து கடக்கவில்லை. தாய் எதனைச் சமைத்தாள், எவர்க்கு எப்பங்கு வைத்தாள், எது பறிபோயிற்று என்று அவர் படிப்படியாகக் காட்டுகிறார். திருச்சபையும் காவற்படையும் நடத்திய ஆட்சி எத்தகையது என்பதை அறிக்கைகளைக் காட்டிலும் அந்த அடுக்களை தெளிவாக உணர்த்துகிறது. ஒரு சிறுவனுக்கென வைத்த உணவு உண்பாரின்றிப் போவதே ஈண்டு அரசியல். இவ்வன்றாட வாழ்வில் வேரூன்றியதாலேயே சீசா தாய்நாட்டின் உருவகமாகவும் நிற்கும் வலிமை பெற்றாள்.

எனினும் சீசா தன் கதையைத் தான் சொல்லவில்லை. ஆசிரியர் படர்க்கையில் சொல்கிறார். அதுவும் இசுப்பானிய மொழியில், அவளைப் போன்ற சிற்றூர்ப் பெண்ணுக்கு விளங்காத மொழியில், சொல்கிறார். அறிவு பிறழ்ந்தபின் அவள் குரல் மக்களின் பெயரை அழைப்பதாகவும் பாட்டாகவும் மட்டுமே ஒலிக்கிறது. படைத்தலைவனின் மனைவி சாட்டையைக் காட்டி அவளைப் பாடவும் ஆடவும் வைக்கும் இடம் நாவலின் கொடிய பகுதிகளுள் ஒன்று. ஊர் அவளிடம் கேட்க விரும்பிய குரல் அது ஒன்றே. கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவில், ஊர் விழாக் கோலம் பூண்டிருக்கையில், மூத்த மகனின் கைகளில் அவள் உயிர் நீங்குகிறது.

2. அமாந்தா: தன்னுள் சொன்ன கதை

'தெகாதா 70' நாவலில் கதை சொல்பவள் தாயே. அமாந்தா பார்த்தொலொமே மணிலா நகரின் நடுத்தரக் குடும்பத்துப் பெண். ஐந்து ஆண்மக்களின் தாய். ரிசாலின் இசுப்பானியத்திற்கு மாறாக, ஆங்கிலச் சொற்கள் இடைமிடைந்த மணிலா வீட்டுப் பேச்சு இந்நாவலின் மொழியாகிறது. இதனை நடைத்தளர்ச்சி எனல் பொருந்தாது. தாயின் சிந்தனை எம்மொழியில் நிகழுமோ அம்மொழியிலேயே நாட்டு வரலாறும் சொல்லப்படும் என்பது ஆசிரியையின் துணிபு.

1972 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட 1081ஆம் எண் அறிவிக்கையால் குடியரசுத் தலைவர் மார்க்கோஸ் நாட்டில் படையாட்சிச் சட்டத்தைக் கொணர்ந்தார். செய்தித்தாள்கள் மூடப்பட்டன; எதிர்த்தோர் சிறைப்பட்டனர்; நள்ளிரவு முதல் ஊரடங்கு விதிக்கப்பட்டது. மகன் எந்நேரம் வீடு திரும்ப வேண்டும் என்பது அதுகாறும் தாய் வகுத்த ஒழுங்கு. அன்று முதல் அது அரசின் ஆணையாயிற்று. படையாட்சிச் சட்டம் 1981 ஜனவரி 17ஆம் நாள் பெயரளவில் நீங்கினும் மார்க்கோசின் ஆட்சி 1986 பிப்ரவரி வரை நீடித்தது. அவர் ஆட்சியில் இருந்தபோதே இந்நாவல் எழுதப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால், அதன் துணிவு விளங்கும்.

மூத்த மகன் ஜூல்ஸ் கிளர்ச்சியில் இறங்கிப் புதிய மக்கள் படையிற் சேர்கிறான், பின்னர்ச் சிறைப்படுகிறான். இசகானி அமெரிக்கக் கடற்படையிற் சேர்கிறான். எம்மானுவேல் எழுத்தாளனாகிறான். ஜேசன் காவலில் வைக்கப்படுகிறான், விடுவித்துவிட்டதாகக் கூறப்பட்டபின்னும் வீடு வந்து சேரவில்லை, பிணமாகவே கிடைக்கிறான். கடைக்குட்டி பெஞ்சமின் இவற்றையெல்லாம் கண்டு வளர்கிறான். நாட்டின் வெவ்வேறு போக்குகள் ஒரே உணவு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றன என்று கூறலாம்.

ஜேசனின் முடிவு கிரிஸ்பினை நினைப்பூட்டுகிறது. இரு நாவல்களுக்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டு உண்டு. ஆட்சி மாறிற்று, மொழி மாறிற்று, நாடு விடுதலையும் பெற்றது. ஆயினும் அதிகாரத்தின் கையிற் சென்ற மகன் வீடு திரும்பவில்லை. மாறியது ஒன்றே: சீசாவின் அறிவு பிறழ்ந்தது; அமாந்தாவின் அறிவு தெளிகிறது. துயரம் இருவர்க்கும் ஒன்றாயினும், அத்துயரை வரிசைப்படுத்திச் சொல்லும் கல்வியும் ஓய்வும் அமாந்தாவுக்கு வாய்த்தன.

இந்நாவலை, இல்லிற்குள் அடங்கிய பெண் அரசியல் உணர்வு பெற்ற கதை எனச் சுருக்கிக் கூறுவதுண்டு. அச்சுருக்கம் முதன்மையான ஒன்றை விட்டுவிடுகிறது. அமாந்தா தாய்மையைக் கைவிட்டு அரசியலுக்கு வரவில்லை. தாய்மைத் தொழிலைச் செம்மையாகச் செய்ததாலேயே வந்தாள். காத்திருப்பதும், யார் வரவில்லை என எண்ணிப் பார்ப்பதும், முகம் பார்த்து நோவறிவதும் அவளுடைய அன்றாடப் பணிகள். எவர் காணாமற்போனார் என்று கேட்பதையே குற்றமாக்கிய காலத்தில், அப்பணிகளே எதிர்ப்பாக மாறிவிடுகின்றன.

ஆசிரியை இல்லை அளவிறந்து புகழவும் இல்லை. கணவன் ஜூலியன் மகனின் கிளர்ச்சிக்கு ஆதரவு தருகிறான். ஆனால் மனைவி வேலைக்குச் செல்ல இசைவதில்லை. நாட்டிற்கு வேண்டும் என்று கருதும் உரிமையை வீட்டில் மறுக்கும் இம்முரண்பாட்டை அமாந்தா கண்டுகொள்ளும் இடமே நாவலின் உயிர்நிலை எனலாம். நாட்டில் ஒருவர் ஆணையிட மற்றையோர் அடங்குவது தீதெனின், வீட்டில் அது நன்றாவது எங்ஙனம்? பிரிந்து செல்ல விரும்புவதாக அவள் கணவனிடம் கூறும்போது, இத்துணைக் காலமும் படிப்பவரிடம் மட்டும் சொல்லி வந்ததை முதன்முறையாக உரியவரிடம் சொல்கிறாள். இறுதியில் மணவாழ்வு முறியவில்லை. முறியாதது கொண்டு அவள் சொல் வீணாயிற்று என்றல் கூடாது. அதன்பின் அவ்வீடு பழைய வீடு அன்று.

3. லேயா: ஊர் கேட்ட சொல்

மூன்றாம் நாவலின் தலைவி லேயா புஸ்தமாந்தே. ஓஜி என்னும் மகனும் மாயா என்னும் மகளும் அவளுக்கு உளர். இருவர்க்கும் தந்தையர் வேறு வேறு. மனித உரிமை அமைப்பொன்றில் பணிசெய்து, அவ்விருவரையும் அவள் வளர்க்கிறாள். ஊரின் பழிச்சொல், பிள்ளைகள் கேட்கும் கேள்விகள், பணிக்கும் வீட்டிற்கும் இடையே போதாத நேரம் ஆகியன அவளுடைய நாள்தோறும் உள்ள தொல்லைகள். தந்தையர் பிள்ளைகளைத் தம்முடன் அழைத்துச் செல்ல முற்படும்போது, அவள் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தேர்ந்துகொள்ளும் உரிமையை அவர்களிடமே விடுகிறாள். இருவரும் தாயிடமே தங்குகின்றனர்.

இந்நாவலின் அமைப்பு கருதத்தக்கது. மாயாவின் மழலைப்பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் கதை தொடங்குகிறது. மற்றொரு பள்ளி விழாவில் முடிகிறது. முதல் விழாவில் லேயா பெற்றோருள் ஒருத்தி. இறுதி விழாவில் அவளே அழைக்கப்பெற்ற சொற்பொழிவாளர். ஊர்விழா சீசாவின் சாவுக்குப் பின்னணியாயிற்று. ஈண்டு ஊர் கூடிய அவையில் தாய் பேச, ஊர் கேட்கிறது. பழிக்கத்தக்கவள் என ஊர் எண்ணக்கூடிய ஒருத்தியை அம்மேடையில் நிறுத்தியதே ஆசிரியையின் மறுமொழியாகும்.

4. மதிப்பீடு

பிறர் சொன்ன கதை, தன்னுள் சொன்ன கதை, ஊர் கேட்ட சொல் என மூன்று படிகளைக் கண்டோம். இதனை வளர்ச்சி என்று மட்டும் கூறி அமைதல் நேர்மையாகாது. இரண்டு குறைகளைச் சுட்டுதல் கடன்.

ஒன்று: அமாந்தாவின் பிள்ளைகள் ஐவரும் ஆண்மக்கள். ஊரில் நிகழ்வன பெரிதும் மக்கள்வழியே அவளை வந்தடைகின்றன. ஒரு மகள் இருந்திருப்பின், தாய் தன் வாழ்வையே அவளிடம் மீளக் கண்டு வினவியிருப்பாள். ஆடவர் நிறைந்த வீட்டில் ஒரு பெண்ணின் தனிமையைக் காட்ட இவ்வமைப்பு உதவிற்று. ஆயின் அது நாவலின் நோக்கை ஓரளவு குறுக்கியும் விட்டது. பின்வந்த நாவலில் மாயாவைப் படைத்து அக்குறையை ஆசிரியை நிரப்பினார் எனக் கொள்ளலாம்.

மற்றொன்று இதனினும் பெரிது. சீசா ஏழை, அமாந்தா நடுத்தர வகுப்பினள், லேயா தன் உழைப்பால் தன்னிலை நின்ற பணியாளர். ஆகவே சொல்லுரிமையின் வளர்ச்சி என நாம் கண்டது, ஓரளவு வகுப்பின் வேறுபாடும் ஆகும். கணவன் உண்ட கலத்தைக் கழுவி மீண்டும் உலை வைத்த தாய், இம்மூன்று நாவல்களிலும் தன் வாயால் தன் கதையைச் சொல்லவில்லை. அவளுடைய வழிவந்தோர் இன்றும் உளர். மார்க்கோஸ் ஆட்சியில் 1974ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அயல்நாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை அரசின் கொள்கையாக்கிற்று. அவ்வழியே ஹாங்காங், சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் ஆகியவற்றிற்குச் சென்ற தாயர் பலர், தம் மக்களை உறவினர் கையில் விட்டுப் பிறர் மக்களுக்கு உணவூட்டி வருகின்றனர். இல்லத்தின் விளக்கு அயலார் இல்லத்தில் எரிகின்றது.

சிறிய செய்திகள் இலக்கியமாகா என்பாரும், அடுக்களை வரலாறாகாது என்பாரும் எந்நாட்டிலும் உளர். அவர்க்கு இம்மூன்று நாவல்களும் தக்க விடை தருகின்றன. பெரிய அறிவிக்கைகள் சட்ட நூலில் கிடக்கும். அவற்றின் பயன் உணவு மேசையில் வெறுமையாக இருக்கும் ஓர் இருக்கையில் தெரியும். அவ்விருக்கையை முதலில் காண்பவள் தாய். அவள் கண்டதைச் சொல்ல இடம் தருவதே நாவலின் கடமை. ரிசால் அக்கடமையைத் தொடங்கினார். பௌதிஸ்தா அம்மையார் அதனை நெடுந்தூரம் கொண்டு சென்றார். சீசா தன் கதையைத் தானே சொல்லும் நாவலே இவ்வரிசையில் அடுத்து வரவேண்டுவது.