பட்டியலில் இல்லாத வெற்றி

1975 நவம்பர் 3, திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், மார்க்கெட் ஸ்கொயர் அரங்கில், இண்டியானா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி சோவியத் ஒன்றியத்தின் தேசிய அணியை 94-78 என்று வென்றது. அது காட்சிப் போட்டி என்பதால் அந்த ஆண்டின் வெற்றிக் கணக்கில் சேரவில்லை. இண்டியானா அந்தப் பருவத்தில் 32 ஆட்டம் ஆடி 32-லும் வென்றது என்றுதான் ஏடுகள் சொல்லும். அந்த 32-க்குள் இந்த வெற்றிக்கு இடமில்லை. இருந்தும் அந்த அணியை நேசித்தவர்கள் கூடிப் பேசும்போது எப்படியோ பேச்சு இந்த இரவுக்கு வந்து நிற்கிறது. வந்ததும் ஒரு கணக்கு சொல்கிறார்கள்: ஸ்காட் மே 34 புள்ளி, 15 வீச்சில் 13 உள்ளே.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று சுவைக்க வேண்டும். கல்லூரிக் கூடைப்பந்தில் மூன்று புள்ளிக் கோடு வர இன்னும் பதினொரு ஆண்டு இருந்தது. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டே புள்ளி. ஆக, 13 கூடைக்கு 26. மிச்சம் 8 ஃப்ரீ த்ரோவில் வந்தவை. 34 புள்ளி எடுக்க 25, 30 முறை பந்தை எறியும் நட்சத்திரங்கள் உண்டு. எறிந்ததில் பாதி விழுந்தாலே நல்ல ஆட்டக்காரர் என்பார்கள். இங்கே ஒருவர் 15 முறைதான் எறிந்திருக்கிறார். தவறியவை இரண்டே இரண்டு. எறிய வேண்டிய இடம் வரும்வரை எறியாமல் இருந்தார் என்பதைத்தான் அந்த 15 என்ற சின்ன எண் சொல்கிறது. எனக்கு 13-ஐவிட அந்த 15-தான் அழகு.

அந்த இடம் எப்படி வந்தது என்று பார்ப்பதில்தான் இந்த அணியின் நயம் இருக்கிறது. பயிற்சியாளர் பாப் நைட்டுக்கு அப்போது வயது 35. அவர் சொல்லிக்கொடுத்த தாக்குதல் முறையில் மனப்பாடம் செய்த நகர்வுகள் குறைவு. ஐந்து பேரும் ஓயாமல் நகர வேண்டும், பந்து கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும், எதிரி என்ன செய்கிறான் என்பதைப் பார்த்து அடுத்த அடியை அந்தக் கணத்தில் முடிவு செய்ய வேண்டும். பின்னல் கோலாட்டத்தில் ஒருவர் உள்ளே நுழைய இன்னொருவர் வெளியே வர, கயிறுகள் தாமாகப் பின்னிக்கொள்ளும் அல்லவா, அதைப் போன்ற ஓட்டம் அது. அந்தப் பின்னலில் எதிரணித் தடுப்பாளன் எங்கேயாவது அரை அடி பின்தங்குவான். அந்த அரை அடிதான் மே போன்றவருக்கு வேண்டியது.

கிட்டே போய்ப் பார்ப்போம். கூட்டாளி ஒருவர் கால் ஊன்றிச் சிலைபோல் நிற்பார்; இதற்கு ஸ்க்ரீன் என்று பெயர். ஆட்டக்காரர் அவர் உடம்பை உரசினாற்போல் ஓட வேண்டும். நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டாலும் தடுப்பாளன் அதில் புகுந்து வந்துவிடுவான். ஆனால் அவர் நின்று முடிக்கும்முன் ஓடிவிட்டாலும் ஸ்க்ரீன் வீண். ஆகவே முதலில் பொறுமை, பிறகு வேகம். தடுப்பாளன் பின்னாலேயே துரத்தி வந்தால் வளைந்து கூடைப் பக்கம் திரும்ப வேண்டும். அவன் குறுக்கு வழியில் முந்தப் பார்த்தால், எதிர்ப்பக்கம் விலகி மூலைக்குப் போக வேண்டும். பந்து கைக்கு வரும்முன் பாதங்கள் கூடையைப் பார்த்துத் திரும்பி, முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். பிடித்த பிறகு காலைச் சரிசெய்கிறவனுக்கு அந்த அரை அடி கையில் நிற்காது. இத்தனையும் இரண்டு விநாடிக்குள் முடிகிற வேலை. ரசிகர்கள் கண்ணில் படுவது கடைசியில் எழும்பி எறியும் வீச்சு மட்டும். 15-க்கு 13 விழ வேண்டுமென்றால் அதற்கு முந்தைய இரண்டு விநாடி 15 தடவையும் ஏறக்குறையப் பிசகாமல் நடந்திருக்க வேண்டும்.

அப்படி ஆடிய மேயின் இடது கை எட்டு மாதங்களுக்கு முன்தான் முறிந்திருந்தது. 1975 பிப்ரவரியில் பர்டூ பல்கலைக்கழகத்துடன் ஆடும்போது எலும்பு உடைந்தது. அதுவரை தோல்வியே அறியாத அணி, மார்ச்சில் தேசியப் பட்டத்துக்கான தொடரில் கெண்டக்கியிடம் 92-90 என்று தோற்று வெளியேறியது. அன்று கையில் கட்டோடு இறங்கிய மே எடுத்தது இரண்டே புள்ளி. இண்டியானாக்காரர்கள் இன்றும் ஆற்றிக்கொள்ள முடியாத தோல்வி அது. அவர்களில் பலர், 1976-இல் முடிந்த பருவத்தின் அணியைவிட 1975-இல் முடிந்த பருவத்தின் அணியே சிறந்தது என்று சாதிப்பார்கள். இரண்டு புள்ளியில் முடிந்த அந்த மார்ச்சையும் 34 புள்ளி வந்த இந்த நவம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான், அந்த இரவு அரங்கம் எதற்காக அப்படி ஆர்ப்பரித்திருக்கும் என்பது புரிகிறது.

எதிரே நின்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் கடைசி மூன்று விநாடிகள் திரும்பத் திரும்ப ஆடப்பட்டு, சோவியத் அணி அமெரிக்காவை 51-50 என்று வென்று தங்கம் எடுத்தது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்தார்கள்; இன்றுவரை வாங்கவில்லை. 1974-இல் உலகக் கோப்பையும் சோவியத்துக்குத்தான். அந்த நாட்டின் தேசிய அணியோடு மோதியவர்கள் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். அமெரிக்காவின் மானத்தைக் காக்கப் பொறுக்கி எடுத்த அணி என்று இதை யாரும் அனுப்பவில்லை. வழக்கமான பருவம் தொடங்கும்முன் ஆடிப் பார்க்கக் கிடைத்த ஆட்டம், அவ்வளவுதான். அப்படியிருந்தும் 16 புள்ளி வித்தியாசம்.

மேயை மட்டும் பாடினால் மற்ற நால்வருக்கும் அநியாயம். இந்த அணியில் ஆட்டத்தைத் தொடங்கும் தாவலுக்கு நடுவட்டத்தில் போய் நிற்பவர், உயரமான சென்டர் கென்ட் பென்சன் இல்லை. பாபி வில்கர்சன் என்ற கார்டு! கார்டு என்றால் பொதுவாக அணியிலேயே குள்ளமானவர். இவரோ ஆறரை அடிக்கு மேல். கைகளும் நீளம். எதிரணியின் பந்து கடத்துபவனுக்கு முன் அந்தக் கைகள் விரிந்தால் பாஸ் போகும் வழி அடைபடும். அவருக்குப் பக்கத்தில் குவின் பக்னர். இண்டியானாவுக்காக அமெரிக்கக் கால்பந்தும் ஆடிய உடம்பு. டாம் அபர்னதி பெயர் தலைப்புச் செய்தியில் வராது. ஆனால் அவர் நிற்கிற இடம் தப்பாது. ஐந்து பேருமே பிற்பாடு என்.பி.ஏ.வுக்குத் தேர்வானார்கள். இவர்கள் சட்டையில் முதுகுப் பக்கம் பெயர் இருக்காது, எண் மட்டுமே. மேவுக்கு 42, பக்னருக்கு 21. இண்டியானா அந்த வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறது. ஆட்டத்துக்கு முன் சுற்றி வரும்போது போடும் சிவப்பு-வெள்ளைக் கோடு போட்ட பேன்ட்டும் அப்படித்தான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1967 முதல் 1976 வரை அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் டங்க் அடிக்கத் தடை இருந்தது. வளையத்துக்கு மேலே எழும்பிப் பந்தை அறைந்து கைதட்டல் வாங்கும் வழி இந்த வீரர்களுக்கு அடைபட்டிருந்தது. பாதம், மணிக்கட்டு, கூட்டாளியின் கண்ணசைவு, இவற்றை நம்பி வளர்ந்த தலைமுறை இது. அந்தத் தடை சரியென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள் விளைந்த ஆட்டத்தின் நேர்த்தி உண்மையானது.

அந்த இரவு ஆட்டம் நடந்த மார்க்கெட் ஸ்கொயர் அரங்கம் இப்போது இல்லை. 1974-இல் மார்க்கெட் தெருவுக்கு மேலேயே, அடியில் வண்டிகள் போய்வரும்படி கட்டிய கட்டடம் அது. எல்விஸ் பிரெஸ்லி கடைசியாக மேடையேறிப் பாடியது அங்கேதான், 1977 ஜூனில். 2001-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

இண்டியானா, சோவியத் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இன்று பலருக்கு நினைவு வருவது வேறோர் ஆட்டம். 1987 நவம்பர் 21, பல்கலைக்கழகம் இருக்கும் புளூமிங்டன். நடுவரோடு மல்லுக்கு நின்று வெளியேற்றப்பட்ட நைட் களத்தை விட்டுப் போக மறுக்க, 66-43 என்று பின்தங்கியிருந்த அவர் அணி 15 நிமிடத்துக்கு மேல் மிச்சமிருக்கும்போதே ஆட்டத்தை இழந்ததாக அறிவிக்கப்பட்டது. ஒரு மனிதரின் கோபம் செய்தியாவதும், ஐந்து பேரின் பொறுமை செய்தியாகாமல் போவதும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. நைட் கற்றுத்தந்ததன் முழு அழகையும் பார்க்க விரும்புகிறவர்கள் 1987-ஐத் தாண்டி 1975-க்குத்தான் போக வேண்டும்.

1975-இன் அந்த இரவுக்குப் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரிந்த கதை. நவம்பர் 29-இல் நடப்புச் சாம்பியன் யு.சி.எல்.ஏ.வை 84-64 என்று வீழ்த்திப் பருவம் தொடங்கியது. 1976 மார்ச் 29-இல் பிலடெல்பியாவில் மிஷிகனை 86-68 என்று வென்று முடிந்தது. அந்தக் கோடையில் மேவும் பக்னரும் மான்ட்ரியால் ஒலிம்பிக் தங்கம் எடுத்தார்கள், சோவியத்துக்கு வெண்கலம். தோல்வியே இல்லாமல் ஒரு பருவத்தை முடித்துத் தேசியப் பட்டம் வென்ற ஆடவர் அணி, முதல் நிலைக் கல்லூரிக் கூடைப்பந்தில் அதன்பிறகு 2025 வரை வேறொன்று வரவில்லை.

அந்த அணியைப் பற்றிப் படிக்க எடுப்பவர்கள் யு.சி.எல்.ஏ. ஆட்டத்திலிருந்து தொடங்க வேண்டாம். 26 நாள் முன்னால் போய், பட்டியலில் இல்லாத அந்தத் திங்கட்கிழமையிலிருந்து தொடங்குங்கள்.