நிலவு: டாரட்டின் பதினெட்டாம் அட்டை சந்திரனைக் குறிக்கிறதா?

டாரட் சீட்டுக்கட்டில் 78 அட்டைகள் உள்ளன. அவற்றுள் பெரும் அட்டைகள் எனப்படும் 22-இல் 18 ஆம் எண் பெற்றது நிலவு. தமிழில் இணையவழியாக டாரட் பலன் சொல்வோர் பெருகிவிட்ட இந்நாளில், இந்த அட்டை விழுந்ததும் அதைச் சந்திரனோடு இணைப்பது வழக்கமாகிவிட்டது. சந்திரன் மனோகாரகன், தாய்க்குரிய கிரகம். ஆகவே மனக்குழப்பம், தாயாரின் உடல்நலம், சந்திராஷ்டமம் என்று பலன் நீள்கிறது. சாதகத்தில் சந்திரன் விருச்சிகத்தில் நீசமாக இருப்பவருக்கு இந்த அட்டை வந்துவிட்டால், இரண்டு சாத்திரங்கள் தனித்தனியே ஒரே கெடுபலனைச் சொல்வதாகத் தோன்றும். அச்சமும் பரிகாரச் செலவும் இரட்டிக்கும்.

ஆனால் இந்த அட்டைக்குச் சோதிடப் பொருள் வகுத்தவர்கள் அதைச் சந்திரனுக்கு உரியதாக வைக்கவே இல்லை. அவர்கள் கொடுத்தது மீன ராசி.

படம்

இன்று பரவலாகக் காணப்படும் வடிவம் 1909-இல் லண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் கருத்துச் சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். மேலே முகத்துடன் கூடிய நிலவு. அதிலிருந்து துளிகள் உதிர்கின்றன. கீழே ஒரு குட்டை. அதிலிருந்து சிங்கி இறால் போன்ற நன்னீர் உயிரி ஒன்று கரையேறுகிறது. கரையில் ஒரு நாயும் ஓநாயும் அண்ணாந்து நிற்கின்றன. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே ஒரு பாதை மலையை நோக்கிப் போகிறது. மனிதர் எவரும் இல்லை.

இந்தப் படத்துக்கு நெடிய வரலாறு உண்டு. 15 ஆம் நூற்றாண்டில் மிலான் அரண்மனைக்காக வரையப்பட்ட சீட்டில், கையில் பிறையை ஏந்திய ஒரு பெண் மட்டுமே இருந்தாள். நாயும் கோபுரமும் குட்டையும் சேர்ந்த வடிவம் பின்னர் மார்சேய் பாணிச் சீட்டுகளில் நிலைபெற்றது. அக்காலத்தில் இவை விளையாட்டுச் சீட்டுகள். மறைபொருள் பேச்சு 1781-இல்தான் தொடங்குகிறது. பிரெஞ்சு அறிஞர் கூர் த ஜெபலென், டாரட்டைப் பண்டைய எகிப்தியரின் நூல் என்றார். நிலவிலிருந்து விழும் துளிகள் நைல் நதியைப் பெருக்கும் ஐசிஸ் தேவியின் கண்ணீர் என்றும் விளக்கினார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியன் படித்துக் காட்டியது 1822-இல். அதற்கு நாற்பது ஆண்டு முன்னரே, எகிப்திய மொழியில் ஒரு சொல்லும் படிக்கத் தெரியாத காலத்தில் சொல்லப்பட்ட விளக்கம் இது. இன்றைய டாரட் நூல்கள் பலவும் இதைத் திருப்பிச் சொல்வதுதான் வியப்பு.

எழுத்துக் கணக்கு

குட்டையிலிருந்து வரும் உயிரியைப் பார்த்தால் கடக ராசியே நினைவுக்கு வரும். இடைக்கால ஐரோப்பிய ஓவியர்கள் கடகத்தை நண்டாக மட்டுமன்றி இத்தகைய சிங்கி இறால் வடிவிலும் வரைந்தனர். கடகத்தின் அதிபதி சந்திரன். மேலே நிலவு, கீழே கடகம். படம் தன்னளவில் தெளிவாகவே பேசுகிறது. அப்படியிருக்க மீனம் எங்கிருந்து வந்தது?

விடை படத்தில் இல்லை, எபிரேய நெடுங்கணக்கில் இருக்கிறது. அம்மொழியில் 22 எழுத்துகள். பெரும் அட்டைகளும் 22. இந்த எண் ஒற்றுமையை வைத்து 1850-களில் எலிபாஸ் லெவி ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எழுத்தைப் பொருத்தினார். யூத மறைநூலான செபர் எட்சிரா, எழுத்துகளை மூன்று தாய் எழுத்து, ஏழு இரட்டை எழுத்து, பன்னிரண்டு தனி எழுத்து என்று பிரிக்கிறது. இவற்றை அந்நூல் முறையே பூதங்கள், கிரகங்கள், ராசிகளோடு இணைக்கிறது. லெவியின் வரிசையில் நிலவுக்கு வந்தது 18 ஆம் எழுத்தான ட்சாதே. 1888-இல் லண்டனில் தோன்றிய பொன் விடியல் என்னும் மறைஞானக் கழகம், எண்ணில்லாத அட்டையான மூடனை வரிசையின் தலையில் வைத்தது. உடனே மற்ற அட்டைகள் ஏறக்குறைய எல்லாம் ஓரிடம் தள்ளிப்போயின. நிலவுக்கு 19 ஆம் எழுத்தான கோப் கிடைத்தது. கோப் பன்னிரு தனி எழுத்துகளில் கடைசி. மீனம் ராசிகளில் கடைசி. இவ்வளவுதான் காரணம்.

மூடனை நகர்த்தாமல் விட்டிருந்தால் இதே கணக்கின்படி நிலவு கும்ப ராசியாகியிருக்கும். அப்போது நம் உரையாசிரியர்கள் குட்டையையும் துளிகளையும் காட்டி, குடத்திலிருந்து வழியும் நீர் என்று எழுதியிருப்பார்கள். இன்று அதே குட்டையைக் காட்டி மீனுக்குரிய ஆழ்மனக் கடல் என்கிறார்கள். பொன் விடியல் கழகம் சந்திரனைக் கொடுத்தது பெண் பூசாரி அட்டைக்கு, கடகத்தைக் கொடுத்தது தேர் அட்டைக்கு. ஆக, நிலவு அட்டையில் நிலவும் இல்லை, கடகமும் இல்லை. இதைத் திறமையான மறைபொருள் என்று சொல்ல இயலவில்லை; வரிசை எண் படத்தை வென்ற இடம் என்றே சொல்லவேண்டும்.

எந்த மீனம்?

அடுத்த சிக்கல் தமிழ் வாசகருக்கே உரியது. மேலைச் சோதிடம் சாயன முறையைப் பின்பற்றுகிறது. அதன்படி சூரியன் மீனத்தில் இருப்பது பிப்ரவரி 19 முதல் மார்ச் 20 வரை. நமது பஞ்சாங்கம் நிராயன முறையிலானது. இரண்டுக்கும் இடையே இன்று ஏறத்தாழ 24 பாகை வேறுபாடு உண்டு. நம் கணக்கில் சூரியன் மீனத்துக்கு வருவது பங்குனி பிறக்கும்போது, அதாவது மார்ச் 14 வாக்கில். மார்ச் 5 அன்று பிறந்தவர் அங்கே மீனம். இங்கே மாசி மாதம், சூரியன் கும்பத்தில். மேலும் ஒருவர் தம்மை மீன ராசி என்று தமிழில் சொன்னால், அது சந்திரன் நின்ற ராசி. பூரட்டாதி நான்காம் பாதம், உத்திரட்டாதி, ரேவதி ஆகியவற்றில் பிறந்தவர் எந்த மாதத்தில் பிறந்தாலும் மீன ராசிதான். ஆகவே மீன ராசி நேயர்களே, உங்கள் அட்டை நிலவு என்று தொடங்கும் பலன் யாரை நோக்கிப் பேசுகிறது என்பது சொல்பவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

திரேக்காணமும் இப்படியே. மீனத்தின் மூன்று பத்துப் பாகைகளுக்குப் பொன் விடியல் முறை சனி, குரு, செவ்வாய் என்று அதிபதி சொல்கிறது. நம் முறை குரு, சந்திரன், செவ்வாய் என்கிறது. நிலவு அட்டையின் ராசிக்குள் சந்திரன் உண்மையாகவே இடம்பெறுவது நம் முறையில் மட்டும்தான்.

நம்மிடையே நிலவு

இராணிப்பேட்டை மாவட்டத்தில், ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் உள்ள திமிரியை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள சிவன் சோமநாதர், அதாவது சந்திரனின் நாதர். பௌர்ணமிதோறும் இப்பகுதியிலிருந்து மக்கள் திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிறார்கள். தோல் தொழில் நடக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் ஊர்களில் பிறை தென்பட்ட செய்திக்காக ரமலான் நோன்பும் பெருநாளும் காத்திருக்கின்றன. சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர் நிலவு எழுந்த பின்னரே உண்பார். கல்யாணப் பத்திரிகைக்கு வளர்பிறை முகூர்த்தம் தேடுகிறோம். நிலவு இங்கே நாள் சொல்லும் பொருள். வெட்டவெளியில் பலர் கூடி அண்ணாந்து பார்ப்பது. ஏமாற்றம், மாயை, மறைந்த பகை என்று வெயிட்டின் மரபு இந்த அட்டைக்குத் தரும் பொருள்கள், இருட்டில் தனியாக நடப்பவனின் நிலவைச் சேர்ந்தவை. அதை அப்படியே தமிழில் பெயர்த்தால் சொல் மட்டுமே வரும்.

மறுபுறம், படத்தில் உள்ள ஒன்று நம்மவரை மேலையரைவிட அதிகம் அச்சுறுத்தக்கூடும். இரவில் நாய் ஊளையிட்டால் சாவுச் சகுனம் என்பது ஊர்ப்புறத்தில் இன்றும் மறையாத நம்பிக்கை. வெயிட் அந்த நாயையும் ஓநாயையும் வைத்தது, அறியாத பாதையின் முன் இயற்கை மனம் கொள்ளும் அச்சத்தைக் காட்ட. சாவை அவர் அங்கே சொல்லவில்லை. அதற்கு 13 ஆம் அட்டை தனியே இருக்கிறது. பலன் கேட்பவருக்கு இந்த ஒரு விவரத்தைச் சொல்லாமல் விடுவது பொறுப்பற்ற செயல்.

இன்னொரு பொறி எண்ணில் இருக்கிறது. தம் நிலவுக்கு 16 பெரிய கதிர்களும் 16 சிறிய கதிர்களும் உண்டு என்று வெயிட் எழுதுகிறார். சந்திரனுக்குப் பதினாறு கலை என்று அறிந்த தமிழ் வாசகர் இதைக் கண்டவுடன் துள்ளுவார். 22 எழுத்தும் 22 அட்டையும் ஒன்றாக இருக்கக் கண்டு லெவி துள்ளியதும் இப்படித்தான். நமது கலைகள் திதிகளோடு வளர்ந்து தேய்பவை. அந்தக் கதிர்களோ எப்போதும் முப்பத்திரண்டாக அப்படியே நிற்பவை.

சோதிடத்தைக் கழித்துவிட்டால் அட்டையில் மிஞ்சுவது குறைவானதன்று. கடன்வாங்கிய ஒளியில் தெரியும் பாதை, பழக்கிய விலங்கும் பழக்காத விலங்கும் ஒரே பக்கம் பார்த்து நிற்பது, தண்ணீரிலிருந்து பாதி மட்டும் வெளியே வந்த உயிரி. கிளி சோதிடர் சீட்டைப் பிரித்து, அதில் உள்ள சாமிப் படத்தைக் காட்டித்தான் கதை சொல்லத் தொடங்குகிறார். பிறந்த நாளும் நேரமும் அவர் கேட்பதில்லை. நிலவு அட்டையையும் அவ்வாறே படத்திலிருந்து தொடங்கிப் படிக்கலாம்.