வளைவில் கேட்ட ஃபியூக்

மொரிஸ் டியூருஃப்ளேயின் ‘அலென் பெயரில் பிரெலூடும் ஃபியூக்கும்’ என்ற ஆர்கன் இசை! இதை ஒரு தடவையாவது பதுளைக்கு இறங்கும் கோச்சியில், தெமோதரை வளைவில், ஜன்னலோரமாக உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். அகப்பட்டவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். தேத்தண்ணிக் கடையிலும் சொல்கிறேன், கொழுந்து நிறுக்கும் இடத்திலும் சொல்கிறேன்.

எல்லயிலிருந்து ஒன்பது வளைவுப் பாலம் தாண்டி வருகிற கோச்சி தெமோதரை ஸ்டேஷனில் நின்று கிளம்பும். மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் புகுந்து போகும். ஒரு கங்காணி தலைப்பாகை கட்டுவதைப் பார்த்துத்தான் இந்தப் பாதையே பிறந்தது என்பார்கள் எங்கள் பக்கம். நான் முழுசாக நம்புகிறேன்.

ழெஹான் அலென் பிரான்ஸின் ஆர்கன் இசைஞர். 1940 ஜூனில், 29 வயதில், சோமூர் அருகே போரில் உயிரை விட்டார். 1942இல் டியூருஃப்ளே அலென் என்ற பெயரின் ஐந்து பிரெஞ்சு எழுத்துகளையும் சுரங்களாக்கினார்: ஏ, டி, ஏ, ஏ, எஃப். பிரெலூட் முழுக்க அந்தப் பெயர் சுழன்று ஓடுகிறது. அது அடங்கும் இடத்தில் அலெனே எழுதிய ‘லித்தானி’யின் மெட்டு எட்டிப் பார்க்கும் பாருங்கள், தொண்டை அடைத்துவிடும்!

ஃபியூக்கை ஸ்டேஷனில் விசில் ஊதியதும் போடுங்கள். நினைத்துப் பாருங்கள், ஒரே ஒரு குரல், அவசரமே இல்லாமல், அலென் என்று கூப்பிடுகிறது, அது பேசி முடித்ததும் இன்னொரு குரல் அதையே வேறொரு உயரத்தில் தொடங்குகிறது, முதல் குரலோ நிற்காமல் கூடவே வருகிறது, பிறகு மூன்றாவது, பிறகு கால்களால் மிதிக்கும் பெடலின் ஆழத்திலிருந்து இன்னொன்று, வெளியே தேயிலைச் சரிவு மெல்லத் திரும்புகிறது, லயத்துக் கூரைகள் ஒரு பக்கம் மறைந்து மறு பக்கம் வருகின்றன, அந்த நேரம் பார்த்துப் பொடிச் சுரங்களாகத் துள்ளும் இரண்டாவது மெட்டு கிளம்புகிறது, வேகம் கூடுகிறது, குழாய்கள் ஒவ்வொன்றாய்த் திறக்கின்றன, இரண்டு மெட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன, சட்டென்று சுரங்கத்து இருட்டு, தலைக்கு மேலே சற்றுமுன் நின்றுவந்த ஸ்டேஷன், ஐயோ, பாதையே ஃபியூக் வாசிக்கிறது, ஆரம்பித்த இடம் இப்போது என் உச்சந்தலைக்கு மேலே இருக்கிறது! பக்கத்து சீட் அம்மா பயந்து பார்க்குமளவுக்கு வாய்விட்டுக் கத்திவிட்டேன், வெட்கமே வரவில்லை.

பெரிய தேவாலயத்து 32 அடிக் குழாயின் அதிர்வு இயர்போனில் வராதுதான். வராவிட்டால் என்ன, டீசல் எஞ்சின் காலடியில் உறுமி அந்தக் குறையைத் தீர்த்துவைக்கிறது!

பதுளையில் இறங்கி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, ஏறுகிற கோச்சிக்கு டிக்கெட் எடுங்கள். ஏற்றத்துக்கு மார்செல் டியூப்ரே 1912இல் எழுதிய ஜி மைனர் பிரெலூடும் ஃபியூக்கும் இருக்கிறது. ‘இதை வாசிக்கவே முடியாது’ என்று டியூப்ரேயின் ஆசிரியர் விதோர் கைவிரித்த இசை அது, அதையும் சுரங்கத்து வாயிலிருந்து போட்டுப் பாருங்கள்!